கொட்டை, கொட்டாங்குச்சி, கூழாங்கல்: எல்கேஜி வகுப்புக்குள்ள வரலாமா?

எல்கேஜி_மிஸ் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கரூர் பக்கம் ஒரு தனியார் நர்சரி பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன், இது ஆறாவது வருஷம். வகுப்பில் 27 பிள்ளைகள். எல்லாருக்கும் நாலு வயசு சுமார்.

ஜூன் மாசம் "கனம் – லேசு" பாடம் எடுக்கும்போதுதான் இது ஆரம்பிச்சது. அலமாரியில் இருந்தது ஒரு கூடை பிளாஸ்டிக் பழம். தர்பூசணித் துண்டும் திராட்சைக் குலையும் கையில் ஒரே கனம்! பலாப்பழம் எலுமிச்சையை விட லேசா இருந்தது. "எது கனம்?"னு கேட்டா பிள்ளைங்க உருவத்தைப் பார்த்துப் பதில் சொல்லுதே தவிர கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லல. தூக்கிப் பார்த்தாத்தான் குழம்பிடுமே.

மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். அரைப்படி புளியங்கொட்டை, பன்னிரண்டு கொட்டாங்குச்சி, அமராவதி ஆத்துக் கூழாங்கல் ஒரு வாளி, வாகை நெத்து (காய்ஞ்ச வாகைக் காய்), கொஞ்சம் தேங்காய் நார், ஒரு துண்டு இலவம்பஞ்சு. கொட்டி வெச்சுட்டு நான் எதுவும் சொல்லல. பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு வேலையில் உட்காராத வகுப்பு, மணி அடிக்கிற வரைக்கும் தலை நிமிரல. ஒருத்தன் கூழாங்கல்லை எல்லாம் பெருசிலிருந்து சிறுசா வரிசை வெச்சிருந்தான். யாரும் சொல்லித்தரல.

பிரச்சினை அடுத்த வாரம் வந்தது. ஒரு அம்மா, "பையன் பாக்கெட்ல கொட்டையா இருக்கு, இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?"னு கேட்டு வந்துட்டாங்க. கரஸ்பாண்டன்ட் வகுப்பை வந்து பார்த்தார். "அட்மிஷனுக்கு வர்றவங்க பார்த்தா என்னம்மா நினைப்பாங்க, குப்பைக்கிடங்கு மாதிரி இருக்கு"ன்னார். எல்லாத்தையும் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டாச்சு.

நான் செஞ்சது தப்பா? பாதுகாப்பு விஷயத்தில் நான் எதையாவது கவனிக்காம விட்டேனா? அவர்கிட்ட எப்படிப் பேசறது? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

---

பால்வாடி_டீச்சர்

தங்கச்சி, நீங்க ஒண்ணும் தப்பு செய்யல. நான் திருநெல்வேலிப் பக்கம் அங்கன்வாடியில 19 வருஷமா இருக்கேன். நீங்க "இயற்கைப் பொருள்"னு சொல்றதை நாங்க பேரு வெக்காமலே வெச்சிருக்கோம். ஏன்னா எங்ககிட்ட வேற பொருளே கிடையாது. 😄

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். கொட்டாங்குச்சியை அப்படியே கொடுக்காதீங்க. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், நாரு நகத்துக்குள்ள குத்தும். கருங்கல்லுல தண்ணி விட்டு விளிம்பைத் தேய்ங்க, அப்புறம் உப்புத்தாள் போட்டு வெளிப்பக்கத்தை வழவழன்னு ஆக்குங்க. ஒண்ணுக்கு அரைமணி நேரம் ஆகும். எங்க ஆயாம்மா சத்துமாவு கிண்டுற நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு மாசத்துல இருபது செஞ்சு குடுத்தாங்க. கடைசியா ஒரு சொட்டு தேங்காண்ணெய் தேய்ச்சா கறுத்து மின்னும். அதுக்கப்புறம் அதைப் பார்த்து எந்த கரஸ்பாண்டன்டும் குப்பைன்னு சொல்ல மாட்டார்.

பல்லாங்குழி வாங்கி வைங்க. மரத்துல கிடைக்கலன்னா முட்டை அட்டையை வெட்டி ஒட்டினாப் போதும்.

---

ஒரு_அப்பா

எல்லாரும் பாராட்டுவீங்கன்னு தெரியும். நான் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மை விற்கணும்னா ஐஎஸ்ஐ முத்திரை வேணும். கூர்மையான விளிம்பு, தொண்டையில் சிக்கற துண்டு, ஈயம், இதையெல்லாம் சோதிச்சுத்தான் முத்திரை குத்தறாங்க. உங்க ஆத்துக் கல்லை யார் சோதிச்சாங்க? அந்தக் கல்லு கிடந்த இடத்தில் மேல என்ன சாயத்தண்ணி ஓடிச்சுன்னு கரூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

நானும் புழுதியில் விளையாடி வளர்ந்தவன்தான். அதுக்காக என் பிள்ளையும் அப்படியே வளரணும்னு இல்லை. எங்க தெருவில் என் வயசுப் பையன் ஒருத்தன் காட்டாமணக்குக் காயைத் தின்னுட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்தக் காலத்துக் கதையில் இதை மட்டும் விட்டுட்டுத்தான் சொல்றோம்.

---

மாடித்தோட்டம்

ஒரு_அப்பா சார், இப்படிப் பயந்தா ஒண்ணும் நடக்காது. நான் கோவையில் என் மகளை (மூன்றரை வயசு) வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து வளர்க்கிறேன். ஒரு பெரிய தாம்பாளத்தில் விதம்விதமா விதை கொட்டி வெச்சிருக்கேன். கலர் போட்ட அரிசி, மொச்சை, கொள்ளு, அப்புறம் ஊரிலிருந்து பாட்டி கொடுத்த குன்றிமணி ஒரு கிண்ணம். அந்த சிவப்பும் கறுப்பும் பார்த்தாலே ஆசையா இருக்கும். அவள் ஒரு மணி நேரம் கரண்டியால் அள்ளி அள்ளிப் போடுவாள், நான் சமையலை முடிச்சுடுவேன்.

---

காதுமூக்குதொண்டை_நர்ஸ்

மாடித்தோட்டம் அவர்களே, மிச்சத்தை அப்புறம் படிங்க. முதலில் அந்தத் தாம்பாளத்தை எடுத்து உயரத்தில் வையுங்க.

நான் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸ். குன்றிமணிக்குள் இருப்பது அப்ரின் என்கிற நச்சு. விதைத்தோல் ரொம்பக் கெட்டி, அதனால் முழுசா விழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துடும். அதனால்தான் நம்ம பாட்டிகள் காலத்தில் தட்டான் தராசிலும், பிள்ளையார் கண்ணிலும், பல்லாங்குழியிலும் அது பாட்டுக்குக் கிடந்தது. ஆனா கடிச்சு உடைச்சாலோ, கோர்க்கறதுக்கு ஊசியால் துளை போட்டிருந்தாலோ கதை வேற. மாத்து மருந்து கிடையாது. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம், அதனால் "நல்லாத்தானே இருக்கா"ன்னு காத்திருக்கக் கூடாது. கடிச்சிருக்கான்னு சந்தேகம் வந்தாலே ஓடணும்.

வகுப்புக்கும் வீட்டுக்கும் வரவே கூடாதவை: குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு (உள்பருப்பு தின்ன நல்லா இருக்கும், அதுதான் ஆபத்து), மஞ்சள் அரளிக் காய், ஊமத்தங்காய். எருக்கம்பால் கண்ணில் பட்டா பார்வையைக் கெடுக்கும், அதனால் எருக்கம்பூ மொட்டை நசுக்கி விளையாடற வேலையும் வேண்டாம். கள்ளிப் பாலும் அப்படியே.

அடுத்தது மூச்சு. பொம்மை சோதிக்கறவங்க 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழாய் வெச்சிருப்பாங்க. அதுக்குள் முழுசா அடங்கற எதுவும் மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆகாது. குழாய்க்கு எங்க போறது? பத்து ரூபாய் காசு 27 மில்லிமீட்டர். அதை விட ஒரு சுத்து பெருசுன்னு கணக்கு வெச்சுக்கோங்க. புளியங்கொட்டை, மொச்சை, வேப்பமுத்து, சீத்தாப்பழ விதை எல்லாம் இதில் தோத்துப்போகும். நிலக்கடலை தோத்துப்போகும். எங்க வார்டுக்கு வர்ற விதையில் இவைதான் திரும்பத் திரும்ப வரும்.

மூணு தாண்டிய பிள்ளைக்குக் கொடுக்கலாமான்னா கொடுக்கலாம், ஆனா பெரியவங்க பக்கத்தில் உட்கார்ந்திருக்கணும். "நான் சமையலை முடிச்சுடுவேன்" என்பது எனக்கு வயித்தைக் கலக்குது.

காதிலோ மூக்கிலோ விதை போயிட்டா ஹேர்பின், பட்ஸ் எதுவும் போடாதீங்க. தண்ணியும் விடாதீங்க, விதை ஊறி உப்பிக்கும், எடுக்கிறது இன்னும் கஷ்டம். விளையாடிட்டு இருந்த பிள்ளை திடீர்னு புரையேறி இருமி, அப்புறம் இருமல் அடங்கிட்டா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. மூச்சுக்குழாயில் ஒரு பக்கமா இறங்கி உட்கார்ந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் விதை தெரியாது. "விதை வெச்சு விளையாடிட்டு இருந்தான்"னு டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்.

எல்கேஜி மிஸ், பயமுறுத்த எழுதல. என் பையனும் மண்ணில்தான் விளையாடறான்.

---

மாடித்தோட்டம்

எடுத்துட்டேன். கை நடுங்குது. எண்ணிப் பார்த்தேன், ஆனா முதலில் எத்தனை இருந்ததுன்னே எனக்குத் தெரியாதே. குழந்தை நல்லா இருக்கா.

பாட்டி கொடுத்ததில் கறுப்புப் புள்ளி இல்லாம முழுச் சிவப்பா, தட்டையா, கொஞ்சம் பெருசா இருக்கிறதும் நாலைந்து உண்டு. அதுவும் விஷமா?

---

காதுமூக்குதொண்டை_நர்ஸ்

அது மஞ்சாடி. ஆனைக்குன்றிமணின்னும் சொல்லுவாங்க. குன்றிமணி ஒரு கொடி, மஞ்சாடி ஒரு மரம், ரெண்டும் ஒண்ணு இல்லை. மஞ்சாடி அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியது இல்லை, ஆனா பச்சையா தின்னக்கூடியதும் இல்லை. ரெண்டும் கலந்து கிடக்குன்னா மூணு வயசுக் குழந்தை இருக்கிற வீட்டில் பொறுக்கிப் பிரிச்சுக்கிட்டு இருக்காதீங்க, மொத்தத்தையும் அப்புறப்படுத்துங்க.

எத்தனை இருந்ததுன்னு தெரியாததால், இன்னைக்கு எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வாந்தி, வயித்துப்போக்கு, வயித்துவலி எது வந்தாலும் கிளம்பிடணும். போய் வந்ததும் இங்கே ஒரு வரி போடுங்க.

---

வடமராட்சி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில, வடமராட்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில ரீச்சரா இருக்கிறன். அலரிக்கொட்டை (நர்ஸ் அக்கா சொன்ன மஞ்சள் அரளி) எண்டால் எங்கட ஊரில சின்னப்பிள்ளைக்கும் தெரியும், வேலியோரத்தில நிக்கிறதைப் பிடுங்கிப் போட்டுத்தான் நாங்கள் முற்றத்தைத் திறந்தனாங்கள். நர்ஸ் அக்கா சொன்ன பட்டியலை அச்சடிச்சுச் சுவரில ஒட்டப்போறன்.

எங்களிட்ட எல்லாம் பனைதான். ஆவணி, புரட்டாதியில பனம்பழம் விழும். ஒரு பழத்துக்குள்ள எத்தனை கொட்டை எண்டு பிள்ளையள் பந்தயம் பிடிப்பினம். மூண்டு இருக்கும் எண்டு நினைச்சால் சிலதில ரெண்டு, சிலதில ஒண்டு. எண் கணக்குக்கு இதை விட நல்ல புத்தகம் நான் காணேல்லை. பிறகு கொட்டையைப் பாத்தியில அடுக்கி, கிழங்கு வந்த பிறகு வெட்டினால் உள்ளுக்குப் பூரான், பூச்சி இல்லை, பஞ்சு மாதிரி வெள்ளைச் சதை. தின்னலாம்! மிச்சம் கிடக்கிற ஊமலை (வெறும் பனங்கொட்டை ஓட்டை) வடிவாக் கழுவிக் காய வைச்சால் தும்புத்தலையோட ஒரு பொம்மை மாதிரி இருக்கும். பிள்ளையள் அதுக்கு இழக்கயிறால தலை பின்னி விடுவினம். அது பிள்ளையின்ர கையை விடப் பெரிசு, தொண்டைக்குள்ள போகாது.

குருத்தோலையில கிலுக்கு, காத்தாடி, சின்னச் சின்னப் பெட்டி. ஓலை விளிம்பு கை வெட்டும், அதால நான் கீறிக் குடுப்பன், பிள்ளையள் மடிப்பினம்.

ஒரு ஆச்சி வந்து பெட்டி இழைச்சுக் காட்டினவ. பெற்றோரின்ர முறைப்பாடு அண்டையோட நிண்டுபோச்சுது. ஏனெண்டால் அந்த ஆச்சி அவையளில ஒராளின்ர அம்மம்மா.

---

பழைய_வாத்தியார்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. கரஸ்பாண்டன்ட் "இது ஃபாரினில் உண்டா?" என்று கேட்கக் கூடியவராக இருந்தால் பயன்படும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதித்தான் பிள்ளைகள் தொடங்கினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்று தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் அதை லண்டனில் அச்சிட்டார். பிறகு இங்கிலாந்து முழுக்கப் பரவி "மதராஸ் முறை" என்றே பெயர் பெற்றது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

இப்போது அதே மணலை மரத்தட்டில் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். என் பேத்திக்கு வாங்கினார்கள். விலையைக் கேட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மணல் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆற்று மணல் கிடைக்கவில்லை என்று கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்டை அள்ளிப் பரப்பாதீர்கள். அது கல் உடைத்த தூள். முனை கூராக இருக்கும், தூசி நெஞ்சுக்கு ஆகாது. நல்ல மணலானாலும் இரவில் மூடி வையுங்கள். பூனைக்கு அது வேறு வகுப்பறை.

---

இலை_அலமாரி

நான் மாண்டிசோரி முறையில் (பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு தாமாகக் கற்கும் முறை) பயிற்சி பெற்றவள், சென்னையில் இருக்கிறேன். வாத்தியார் ஐயா பெல்லைச் சொன்னதால் நான் அந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்காரர் மாண்டிசோரி அம்மையாரைச் சொல்கிறேன். 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்தார். செடி கொடிகளை வைத்துச் செய்யும் பாடங்கள் அங்கேதான் நன்றாக விரிந்தன.

ஆனால் அதற்குப் பிறகு நாம் செய்தது என்ன தெரியுமா? எங்கள் பயிற்சியில் இலை வடிவங்களுக்கு ஒரு மர அலமாரி உண்டு. விலை அதிகம். அதில் இருக்கும் வடிவத்தைப் பிள்ளைக்குக் காட்டி "இது சிறுநீரக வடிவம்" என்போம். அந்த வடிவத்தில் ஒரு இலையை அந்தப் பிள்ளை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டு மரக்கட்டையைக் காட்டுவோம். வல்லாரை இருக்கிறதே! அன்றைக்குக் காலையில் கீரைக்காரம்மா விற்றுக்கொண்டு போனது அதுதான். அம்பு வடிவத்துக்குச் சேம்பு. இதய வடிவத்துக்குப் பூவரசு, வால் நீண்டால் அரசு. ஊசிக்குச் சவுக்கு (பார்க்க இலை, உண்மையில் மெல்லிய கிளை). ஓரம் நெளிந்து ஓடுவதற்கு நெட்டிலிங்கம். நான் இப்போது அலமாரியின் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைதோறும் இலையை மாற்றுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சுருண்டுவிடும். பிள்ளைகள் அந்தச் சுருளலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

காசில்லாத இடத்தில்தான் இந்த வேலை நன்றாக நடந்திருக்கிறது. தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு குழந்தைக் கல்வியாளர்கள் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பாலவாடி தொடங்கியபோது, விலைகொடுத்து வாங்கும் மாண்டிசோரி சாமான் கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கூழாங்கல், சிப்பி, விதை, இலை இவற்றைக்கொண்டே செய்தார்கள். பிறகு 1957இல் கோஸ்பாடு போய் ஆதிவாசிப் பிள்ளைகளிடையே அதைத் தொடர்ந்தார்கள்.

எல்கேஜி மிஸ்ஸிடம் ஒரு குறை சொல்லலாமா? நீங்கள் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறீர்கள். அரைப்படி விதை, ஒரு வாளிக் கல். 27 பிள்ளைக்கு நடுவில் அது அள்ளி எறிவதற்குத்தான். ஒரு கூடையில் பத்துக் கல், அவ்வளவுதான் வையுங்கள். பத்தும் பத்து விதமாக இருக்கட்டும்.

இன்னொன்று. பல பள்ளிகளில் இப்போது "இயற்கை மூலை" என்று ஒன்று வைக்கிறார்கள். பிரம்புக்கூடை, காய்ந்த தாமரைக்காய், பக்கத்தில் "தொடாதே" என்று ஒரு அட்டை. போட்டோவுக்கு நன்றாக வரும்.

---

மீனவ_வீடு

சிப்பி பேச்சு வந்ததால் ஒரு வரி. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் சுற்றுலா போறவங்க பவளப்பாறைத் துண்டு எடுத்துட்டு வந்து ஸ்கூலுக்குக் கொடுக்கறாங்க. அதைச் செய்யாதீங்க. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருது, வெச்சிருந்தாலே குத்தம். சில சங்கு, சோழி வகைகளும் அதே மாதிரி. கரையில் ஒதுங்கின சாதாரண மட்டிச் சிப்பி போதும் பிள்ளைங்களுக்கு. நல்ல தண்ணியில் ஊறவெச்சு, ரெண்டு மூணு நாள் வெயிலில் போடுங்க. இல்லன்னா வகுப்பில் யாரும் உட்கார முடியாது. 😅

---

ஒரு_அப்பா

நர்ஸ் மேடம் எழுதினதைப் படிச்சதும் "நான்தான் சொன்னேனே"ன்னு எழுத வந்தேன். இலை அலமாரி மேடம் எழுதினதைப் படிச்சதும் நிறுத்திக்கிட்டேன். சரி, பொருள் நல்லதுதான். என் கேள்வி இதுதான்: ஒரு மிஸ், 27 பிள்ளை. யார் உட்கார்ந்து பார்க்கிறது? விதை ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? மாடித்தோட்டம் மேடத்துக்கு ஒரே குழந்தை, அவங்களுக்கே எண்ணிக்கை தெரியல.

(மேடம், குழந்தை எப்படி இருக்கா? ஒரு வரி எழுதுங்க.)

---

மாடித்தோட்டம்

நல்லா இருக்கா. டாக்டர் பார்த்தார், பயப்பட ஒண்ணும் இல்லைன்னார். விசாரிச்சதுக்கு நன்றி சார். நான் முதலில் உங்ககிட்ட வெடுக்குனு பேசிட்டேன்.

---

பால்வாடி_டீச்சர்

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அதுக்குத்தான் முதல்லயே பல்லாங்குழின்னு சொன்னேன், விளக்காம போயிட்டேன்.

பலகையில 14 குழி. குழிக்கு 5 புளியங்கொட்டை. மொத்தம் 70. கூடையில அந்த 70 மட்டும்தான் இருக்கும், சாக்கு உள்ள வரவே கூடாது. விளையாடி முடிச்சதும் பிள்ளைங்க கொட்டையைக் குழியில திருப்பி வைக்கணும். "எடுத்து வைடா"ன்னு அதட்ட வேண்டாம், அதுவே அடுத்த விளையாட்டு. ஒரு குழியில நாலு இருந்தா பிள்ளையே கத்திரும், "டீச்சர், இந்த வீட்டுல ஒராளக் காணோம்!"னு. எழுபது வரைக்கும் எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் அஞ்சு தெரியும். எனக்கும் ஒரே பார்வையில தெரிஞ்சிரும். 19 வருஷத்துல ரெண்டு தடவை குறைஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் கதவைச் சாத்திட்டுக் கிடைக்கிற வரைக்கும் தேடினோம். ஒண்ணு பாயிக்கு அடியில, ஒண்ணு ஒரு பிள்ளையோட கன்னத்துக்குள்ள. அதான் சொல்லுதேன்.

ஒரே நேரத்துல ஆறு பிள்ளைக்கு மேல விதைக்கிட்ட விடாதீங்க. மிச்சப் பிள்ளைக்குக் களிமண்ணு குடுங்க. மண்பானை செய்றவங்ககிட்ட ஒரு சாக்கு கேட்டா பிள்ளைங்களுக்குன்னா சும்மாவே தருவாங்க. மூடி போட்ட வாளியில ஈரத்துணி சுத்தி வெச்சா ரெண்டு மாசம் வரும்.

இன்னொண்ணு மனசுல கிடந்து அரிக்குது. மாடித்தோட்டம் தங்கச்சி கலர் போட்ட அரிசின்னு எழுதினாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல, நிறைய இடத்துல அப்படித்தான் செய்றாங்க. எங்க பிள்ளைங்க பாதிப்பேரு காலையில வெறும் வயித்தோட வருது. அது முன்னால சாயம் போட்ட அரிசியைக் கொட்டி "விளையாடு"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. உமி இருக்கு, மணல் இருக்கு, வேப்பமுத்து இருக்கு.

---

இலை_அலமாரி

அக்கா, இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. அரிசியைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு ஊற்றுவது, கல் பொறுக்குவது, சுளகில் புடைப்பது இதெல்லாம் வீட்டு வேலை, விளையாட்டு இல்லை. முடித்த பிறகு அது சமையலுக்குப் போகிறது. சாயம் போட்டால்தான் வீண். நீங்கள் சொல்வது சாயம் போட்டதற்குத்தானே?

---

பால்வாடி_டீச்சர்

ஆமா, சாயத்துக்குத்தான். பொறுக்கி உலையில போடுறதுன்னா நாளைக்கே நான் குடுக்கேன், எனக்கும் வேலை மிச்சம்.

---

எல்கேஜி_மிஸ்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். யூனிட் டெஸ்ட், பேரண்ட்ஸ் மீட்டிங்.

நர்ஸ் மேடம் பட்டியலையும் பத்து ரூபாய் காசு கணக்கையும் ஒரு தாளில் எழுதி கரஸ்பாண்டன்ட்கிட்ட கொடுத்தேன். நான் ஏதோ ஆசைப்பட்டுச் செய்யறேன்னு நினைச்சிருந்தவர், "இதெல்லாம் யோசிச்சிருக்கியாம்மா"ன்னார். (யோசிக்கலைங்க. நீங்கெல்லாம் யோசிச்சீங்க. ஆனா நான் அதைச் சொல்லலை.) வகுப்புக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு கொடுத்திருக்கார். காலாண்டு வரைக்கும் சோதனைக்காக. ஆத்துக்கல்லை அப்பா சார் சொன்னதுக்காகவே தூக்கிப் போட்டுட்டேன். ஊரில் எங்க கிணத்துமேட்டுக் கல்லைக் கொதிக்க வெச்சு எடுத்துட்டு வந்தேன்.

சாக்கு வீட்டுக்குப் போயாச்சு. இப்ப பெஞ்சில் இருக்கிறது 70 புளியங்கொட்டை, பத்துக் கல், எட்டு கொட்டாங்குச்சி (உப்புத்தாள் தேய்ச்சே என் உள்ளங்கை தேய்ஞ்சுபோச்சு), ஒரு வாளி களிமண். பத்துக் கல்லுக்கும் பிள்ளைங்க பேரு வெச்சிருக்காங்க. ஒண்ணு பேரு "சப்பாத்தி". கனம் – லேசு பாடம் முடிஞ்சுபோச்சு, நான் நடத்தவே இல்லை. கொட்டாங்குச்சியை ரெண்டு பக்கமும் கயித்தில் கட்டித் தராசு செஞ்சேன், "சப்பாத்தியை விட டிவி கனம்"னு சொல்றாங்க. டிவி இன்னொரு கல்.

போன வியாழக்கிழமை ஒரு குழியில் நாலுதான் இருந்தது. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு. வாயைத் திறக்கச் சொன்னேன், மூக்கைப் பார்த்தேன், பாக்கெட், பெஞ்சடி, வாளி. கிடைக்கல. அன்னைக்கு விதை எடுத்த ஆறு வீட்டுக்கும் நானே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், இருமினா என்ன செய்யணும்னும் சொன்னேன். திட்டு விழும்னுதான் நினைச்சேன்.

ராத்திரி எட்டரைக்கு ஒரு போன். முதலில் சண்டைக்கு வந்தாங்களே, அதே அம்மா. "மிஸ், ஷூ கழட்டும்போது சாக்ஸுக்குள்ள இருந்துச்சு. நாளைக்குக் கொடுத்தனுப்பறேன். எழுபதுல ஒண்ணு இல்லன்னா விளையாட முடியாதாமே, இவன் அழுதுட்டு இருக்கான்"னாங்க.

காலையில் ஒரு டிபன் டப்பாவில் அந்த ஒத்தைக் கொட்டை வந்து சேர்ந்தது.

---

காதுமூக்குதொண்டை_நர்ஸ்

ஆறு வீட்டுக்கும் போன் பண்ணினீங்க பாருங்க, அதுதான் சரி. அடுத்த தடவை ராத்திரி எட்டரை வரைக்கும் காத்திருக்காம எங்களை மாதிரி யாருக்காவது ஒரு போன் போடுங்க.

---

ஒரு_அப்பா

என் பிள்ளை பள்ளியில் அடுத்த வாரம் மீட்டிங் இருக்கு. பல்லாங்குழி விஷயத்தைச் சொல்லப்போறேன். எங்க வீட்டுப் பலகை பரணில் கிடக்கு, ரெண்டு குழியில் கரையான். பரவாயில்லையா, 12 குழிக்கு 60 வெச்சுக்கலாமா?

வாகை நெத்து எங்க கிடைக்கும்?

---

பால்வாடி_டீச்சர்

60 போதும். வாகை நெத்து மாசி, பங்குனியில ரோட்டோரமாக் கொட்டிக் கிடக்கும், சலசலன்னு சத்தம் கேக்கும். வெடிக்காததாப் பாத்து எடுங்க, உள்ள விதை இருக்கணும், வெளிய வரக்கூடாது. ஒருநாள் முழுக்க உச்சி வெயிலுல காய வைங்க, இல்லன்னா வண்டு வந்து மாவாப் போயிரும்.

காய வெக்கும்போது ஒராளு காவலுக்கு இருக்கணும். என் வேப்பமுத்து பூராவையும் நேத்து அணில் தூக்கிட்டுப் போயிட்டு.